கோப்பை மட்டும் இருந்த படம்

பேராசிரியர் குணசீலன் இன்னும் எழுபதுகளையே தாண்டவில்லை. முத்தன்துறைக் கல்லூரிக் கால்பந்து அணியின் அறுபதாண்டு வரலாற்றைச் சொல்கிறேன் என்று அவர் மைக்கைப் பிடித்ததிலிருந்து டெல்பின் காத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வருஷம் வரட்டும், எங்கள் வருஷம் வரட்டும் என்று மனம் ஒரே இடத்தில் நின்று குதித்தது. பிளாஸ்டிக் நாற்காலி முதுகோடு ஒட்டியது. மேலே ஓடிய மின்விசிறிகள் மேடைக்கு மட்டும் வேலை செய்வதாகத் தோன்றியது. இடது முட்டியை நீட்ட வழியில்லை. முன்னால் இருந்தவர், ஒருகாலத்து சென்டர் ஃபார்வர்டாம், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டு கால் அகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவள் புருஷன் ராபின்சன் கழுத்தில் தொங்கிய அட்டையை அடிக்கடி நேராக்கிக்கொண்டான். அதில் 'முன்னாள் வீரர்' என்று இருந்தது. அவள் கழுத்திலும் ஓர் அட்டை. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மாணவி, "அக்கா, நீங்க ஃபேமிலிதானே?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் 'விருந்தினர்' என்ற அட்டையை மாட்டிவிட்டாள். அப்போதே கழற்றிக் கொடுத்திருக்கலாம். இல்லை மக்களே, நானும் ஆடினவளாக்கும் என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்காமல் கழுத்தை நீட்டிக் கொடுத்தாயே டெல்பின், தாலிக்குக் கொடுத்த மாதிரி. அழைப்பிதழ் வந்தபோதும் அப்படித்தான். ராபின்சன் பேருக்கு வந்தது, கீழே 'குடும்பத்துடன் வருக' என்று போட்டிருந்தது. குடும்பம். கல்லூரிக்கு நான் குடும்பம். அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆனாலும் புடவை உடுத்திக்கொண்டு வந்தாள். அறுபது வருஷக் கதையைச் சொல்லப் போகிறவர்கள் அதில் மூன்று வருஷத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பார்கள், சொல்லித்தானே ஆக வேண்டும் என்று நம்பி வந்தாள்.

திரையில் படங்கள் வந்துகொண்டிருந்தன. கல்லூரி தொடங்கிய மறு வருஷமே அணியைத் தொடங்கிய சாமியார், பாதிரி அங்கிக்குக் கீழே முட்டி தெரிய, பந்தை உதைக்கிறார். வெறுங்காலோடு கடற்கரைப் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். பூட்ஸ் போட்ட பட்டணத்து அணிகளை இந்த வெறுங்கால்கள் ஓட ஓட விரட்டிய கதையை குணசீலன் சொன்னார். "மணலிலே பிறந்து மணலிலே ஓடிய கால்கள்" என்றபோது தொண்டை தழுதழுத்தது. அவர் தமிழ்த்துறை, தழுதழுக்கப் படித்தவர். டெல்பினுக்கு இந்தக் கதைகள் எல்லாம் மனப்பாடம். இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை. கல்லூரி ஜெயித்த நாளில் வள்ளங்கள் கடலுக்குப் போகாது. மாதா கோவில் மணி அடிப்பார்கள். தோற்ற நாளில் அவள் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போவார். எண்பதுகளில் மாநில அணியில் பாதிப் பேர் இந்தத் துறைக்காரர்கள் என்று ஊரே மார் தட்டிக்கொண்டு திரிந்தது. அப்போது அவள் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று வெளியே வரும் பந்துகளைப் பொறுக்கித் திருப்பி அனுப்பும் சிறுமி. திருப்பி அனுப்பி அனுப்பித்தான் இடதுகால் பழகியது. கையால் எடுத்து வீசினால் அண்ணன்மார் ஏசுவார்கள், உதைத்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று உதைத்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒருநாள் அறவே நின்றுபோனது. அது எந்த நாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியும். குணசீலனுக்குத் தெரியாது. அவர் வெறுங்கால் என்று சொல்லும்போதெல்லாம் பையன்களின் கால்தான். வீரர்கள், வீரர்கள், வீரர்கள். ஒரு தடவையாவது நாக்கு தடுமாறி வீராங்கனை என்று வந்துவிடாதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணல் யாருக்கும் தனியாகவா கிடந்தது. மணலில் ஓடினது நாங்கள் சார். மைதானம் பையன்களுக்கு. விடியற்காலையும் அவர்களுக்கு, சாயங்காலமும் அவர்களுக்கு. எங்களுக்கு மிஞ்சியது வலை உலர்த்திய மிச்சத்துக் கடற்கரை. கணுக்கால் புதையப் புதைய ஓடினோம். பந்து அலையில் போனால் கூட ஆடிய ஜெசிந்தா நீந்திப் போய் எடுத்து வருவாள்.

இன்னாசி சார் மேடையில் இருந்தார். நடு நாற்காலியில், பொன்னாடை போர்த்தி, தலை முழுக்க வெளுத்து. பல தலைமுறைப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவரைப் பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தவளின் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போயிற்று. பெண்கள் அணியைத் தொடங்கினதும் அவர்தான். பெண்கள் மேல் பாசம் வந்தெல்லாம் தொடங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு ஷீல்டு கொடுப்பார்கள். பெண்கள் அணி அனுப்பினால் அதற்குத் தனிப் புள்ளி. கல்லூரிச் செயலர் சாமியார் ஷீல்டு கேட்டார், சார் அணி சேர்த்தார். பி.ஏ. வகுப்பில் வந்து நின்று, "ஓடத் தெரிஞ்ச பிள்ளைகள் யாரு?" என்று கேட்டார். டெல்பினும் ஜெசிந்தாவும் கை தூக்கினார்கள். பாவாடைக்கு உள்ளே கால்சட்டை போட்டு ஆடத் தொடங்கினார்கள். ஆனால் அந்த மனுஷனுக்கு ஒரு வியாதி உண்டு, பந்தை முன்னால் வைத்துவிட்டால் எதற்காகத் தொடங்கினோம் என்பது மறந்துபோகும். புள்ளிக்காகச் சேர்த்த பிள்ளைகளை நிஜமாகவே ஆட வைத்தார். "டெல்பின், தலையைத் தூக்கு. பந்து உன் காலில்தான இருக்கு, அதை என்னத்துக்குப் பாக்க? ஆளைப் பாரு." இன்றும் சந்தையில் கூட்டத்துக்குள் நுழைந்தால் தலையைத் தூக்கி ஆளைப் பார்த்துத்தான் நடக்கிறாள். அவர் கொடுத்ததுதான். கொடுத்தார், பிறகு பிடுங்கினார். முழுக்க வெறுக்கவும் முடியாமல் செய்துவிட்ட மனுஷன் மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு ஓர் இடம் கிடையாது, வீட்டில் பூனை மாதிரி எங்கே வேண்டுமானாலும் சுருண்டு படுத்துக்கொள்ளும். அரிசி களையும்போது வரும். பூசை நடுவில் வரும். வலைக் கம்பெனியில் மெஷினுக்கு முன்னால் நூலைக் கோத்துக்கொண்டு நிற்கையில் சும்மாவே வரும்.

குணசீலன் தொண்ணூறுகளுக்கு வந்துவிட்டார். "ஏற்றம் இருந்தால் இறக்கமும் இருக்கும்" என்று தொடங்கி, அணி தோற்றுக்கொண்டே இருந்த வருஷங்களை மெல்லத் தடவிக்கொடுத்துச் சொன்னார். சரியான பூட்ஸ் இல்லை, சரியான சாப்பாடு இல்லை, நல்ல பையன்கள் வெளிநாட்டுக் கப்பல்களுக்குப் போய்விட்டார்கள். ராபின்சன் பக்கத்தில் தலையாட்டினான். அவன் ஆடிய வருஷங்கள் அவை. ஆடினான் என்றால் பெஞ்சில் இருந்தான். மாற்று ஆட்டக்காரனாக அவன் இறங்கிய நிமிஷங்களை எல்லாம் கூட்டினாலும் ஓர் ஆட்டம் தேறாது. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். நல்ல மனுஷன்தான். டெல்பினுக்குள் வார்த்தைகள் முட்டின. சொல்லுங்க சார், அடுத்தது சொல்லுங்க. தொண்ணூற்றெட்டு. திருச்சி. வெயில் தலையைப் பிளந்தது. மாநிலக் கல்லூரிகளுக்கான கோப்பை, இறுதி ஆட்டம், எதிரில் சென்னைக்காரிகள், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் காலுறை. இவர்களுடையதோ ஆளுக்கொரு நிறம். பாவாடையோடு ஆடக் கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டார். கால்சட்டையோடு கூட்டத்துக்கு முன்னால் இறங்கிய அந்த முதல் நிமிஷம், தொடையில் காற்று பட்டது இப்போதும் தெரிகிறது. வெட்கம் ஓர் ஓட்டத்தில் போயிற்று. கடைசி நேரத்தில் பந்து அவள் இடதுகாலுக்கு வந்தது. தலையைத் தூக்கினாள். வலதுபக்க ஓரத்தில் ஜெசிந்தா ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தாள், கேட்கவில்லை, கூப்பிடவில்லை, வரும் என்று நம்பி ஓடினாள். மைதானத்துக்குக் குறுக்கே பந்து போனது, ஜெசிந்தா அதைக் கோலாக்கினாள். அந்தப் பந்து போன பாதையை டெல்பின் எத்தனை தடவை பார்த்திருப்பாள். அது காலை விட்டுப் போகும் அந்த நொடி, அதற்குப் பிறகு வாழ்க்கையில் அவ்வளவு சரியாக ஒன்றும் அவளை விட்டுப் போனதில்லை.

"தொண்ணூற்றெட்டு" என்றார் குணசீலன். "எல்லாரும் கைவிட்ட நிலையில், மாநிலக் கோப்பையை வென்று மீண்டும் எழுந்தது முத்தன்துறை." திரையில் படம் மாறியது. கோப்பை. சிவப்புத் துணி விரித்த மேசைமேல் வெள்ளிக் கோப்பை மட்டும். ஆள் இல்லை, முகம் இல்லை. அரங்கம் கைதட்டியது. முன்னால் இருந்த சென்டர் ஃபார்வர்டு விசில் அடித்தார். ராபின்சன் கைதட்டினான். டெல்பின் திரும்பி அவன் கைகளைப் பார்த்தாள். எதற்குத் தட்டுகிறீர்கள். அந்த வருஷம் நீங்கள் முதல் சுற்றிலேயே தோற்றுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். எங்கள் ஆட்டத்தைப் பார்க்கத் திருச்சிக்கு வந்து கம்பி வேலிக்கு வெளியே நின்ற நம் ஊர்க்காரர் நாலு பேரில் நீங்களும் ஒருவர். அந்தப் பந்தைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தேன் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். இப்போது எதற்குத் தட்டுகிறீர்கள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், அடுத்த படம் வந்ததும் அதையும் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதானா. ஒரு வாக்கியம், அதுவும் ஊரின் பேருக்கு. முத்தன்துறை எழுந்ததாம். முத்தன்துறை எங்கே எழுந்தது, அது எங்களைப் பார்த்து உட்கார்ந்து காறித் துப்பியது. பத்திரிகையில் கால்சட்டையோடு படம் வந்த வாரம் கோவிலில் பிரசங்கம் வைத்தார்கள். பெல்சியின் அப்பா, எங்கள் கோல்கீப்பரின் அப்பா, அவள் பூட்ஸை எடுத்துக் கடலில் எறிந்தார். சட்டென்று ஒரு பயம் வந்தது. இவர்கள் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறார்களே, நான்தான் தப்பாக வைத்திருக்கிறேனோ. சாட்சிக்கு என்ன இருக்கிறது. வீட்டுச் சுவரில் இருந்த அணிப் படத்தைச் சுனாமி கொண்டுபோயிற்று. மெடல் இருந்த டிரங்குப் பெட்டியையும் கொண்டுபோயிற்று. ஜெசிந்தாவையும் கொண்டுபோயிற்று. அலையில் போன பந்தை எல்லாம் எடுத்து வந்தவள், அந்த அலையிலிருந்து வரவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தபோது டெல்பின் அவள் காலைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னாள், கெண்டைச் சதையில் பூட்ஸ் ஸ்டட் கிழித்த தழும்பு. அந்தத் தழும்பு பொய்யா. திருச்சியில் வாங்கியதல்லவா அது. கல்லூரியில் இன்னொரு படம் இருந்தது, அலுவலக வராந்தாவில் மாட்டியிருந்தார்கள், அவளே பார்த்திருக்கிறாள். அது எங்கே. படத்தில் கோப்பையை மட்டும் வெட்டி எடுக்கத் தெரிந்த கைக்கு மீதிப் படம் தெரியாமலா இருந்தது. நினைக்க நினைக்க முட்டிவலி எங்கேயோ போய்விட்டது. உடம்பு முழுக்க ஒரே சூடு.

அதற்குப் பிறகு குணசீலன் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. சுயநிதி வகுப்புகள் வந்தன, மைதானத்தின் பாதியில் கட்டடம் வந்தது, மீதியில் பஸ் நின்றது, நல்ல மனம் படைத்த முன்னாள் மாணவர்கள் மறுபடி புல் வளர்த்தார்கள். எல்லாம் சொன்னார். கோப்பை வாங்கிய மறுமாதம் பெண்கள் அணியைக் கலைத்ததைச் சொல்லவில்லை. இல்லாத அணியை எப்படிக் கலைத்ததாகச் சொல்வது. செயலர் அறைக்குள் போன இன்னாசி சார் வெளியே வந்து, வராந்தாவில் நின்றிருந்த பிள்ளைகளைப் பார்த்து, "இனி பிராக்டிஸ் இல்ல. வீட்டுக்குப் போங்க" என்றார். ஏன் சார் என்று ஜெசிந்தா கேட்டாள். அவர் வாட்சைப் பார்த்தார். மைதானத்துக்கு நடந்து போனார், அங்கே பையன்கள் காத்திருந்தார்கள். பையன்கள் அணியா பெண்கள் அணியா, ஒன்றை வைத்துக்கொள் என்று சாமியார் கேட்டதாகப் பின்னால் பேச்சு அடிபட்டது. உண்மையோ பொய்யோ, அவர் வாயால் ஒருநாளும் வரவில்லை. தோற்றவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. ஜெயித்தவளுக்கு வலைக் கம்பெனி கிடைத்தது. இதை அவள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் சாப்பிடுகிற சோறு தொண்டையில் நிற்கும், அவனுக்கும் அவளுக்கும்.

"இப்போது ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு" என்றார் குணசீலன். "நம் கல்லூரி வரலாற்றில் முதன்முறையாக, மகளிர் கால்பந்து அணி."

மேடைக்குப் பக்கவாட்டிலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். நீல ஜெர்சி, ஒரே நிறக் காலுறை, புது பூட்ஸ் பலகையில் டக்டக்கென்று ஒலித்தது. அரங்கம் கைதட்டியது. இன்னாசி சாரும் தட்டினார். பொன்னாடை நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாற்காலியின் கைப்பிடியில் மெதுவாகத் தட்டினார். டெல்பினுக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. பாவம், சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கூச்சத்தில் கால்சட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். முதன்முறையாம். நாளைக்கு உங்களையும் இப்படித்தான் துடைப்பார்கள் மக்களே. இன்னொரு முதன்முறை வரும்.

"இந்தக் கல்லூரிக்காகக் களத்தில் இறங்கியவர்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் எழுந்து நில்லுங்கள்" என்றார் குணசீலன். "நம் பிள்ளைகள் உங்களைப் பார்க்கட்டும்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஆண்கள் எழுந்தார்கள். ராபின்சன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். டெல்பினும் எழுந்தாள். முடிவு செய்து எழுந்ததாக அவளுக்கு நினைவில்லை. கால்கள் எழுந்தன, அவள் கூடப் போனாள். வாசலில் அட்டை மாட்டிய மாணவி நாற்காலிகளுக்கு நடுவில் குனிந்து வந்து, "அக்கா, ரெஸ்ட்ரூம் அந்தப் பக்கம்" என்றாள்.

"எனக்குப் போகவேண்டாம் மக்களே" என்றாள் டெல்பின்.

படம் எடுத்தார்கள். உட்காரலாம் என்றார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"உக்காரு" என்றான் ராபின்சன், புடவையைத் தொட்டு. "எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்."

"என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்று மேடையிலிருந்து குணசீலன் கேட்டார். "ராபின்சன் வீட்டுக்காரங்க சார்" என்று யாரோ பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள்.

"ராபின்சன் வீட்டுக்காரிதான்" என்றாள் டெல்பின். மைக் இல்லாமலே குரல் போய்ச் சேர்ந்தது. "தொண்ணூத்தெட்டுல அந்தக் கப்பை வாங்கினது நாங்களாக்கும், பொம்பளப் பிள்ளைகள் டீம். பையன்மாரு அந்த வருஷம் முதல் ரவுண்டுலயே தோத்தாங்க. இவருக்கும் தெரியும்."

ராபின்சன் தரையைப் பார்த்தான். அட்டையைப் பிடித்தபடி இருந்த விரல்கள் அசையவில்லை. பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "ஆமா" என்றான்.

"சத்தமாச் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்தான். "ஆமா சார். அது இவங்க டீம்தான். நான் பார்த்தேன்."

அரங்கத்தில் பேச்சு எழுந்தது. குணசீலனின் முகத்தில் நிஜமாகவே ஒரு குழப்பம். அவர் வெளியூர்க்காரர், யாரோ எழுதிக்கொடுத்ததைப் படித்தவர். "ரொம்ப சந்தோஷம்மா. நிகழ்ச்சி முடிஞ்சதும் விவரமாப் பேசுவோம்."

"முடிஞ்சா எல்லாரும் பிரியாணிக்குப் போயிருவாங்க சார்." ஓரிருவர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேடையின் நடுவைப் பார்த்தாள். "இன்னாசி சார். நான் யாருன்னு சொல்லுங்க."

குணசீலன் தயங்கி மைக்கை அவர் கையில் கொடுத்தார். இன்னாசி சார் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்க்குக் கொண்டுபோனார்.

"லெஃப்ட் ஹாஃப்" என்றார். மூச்சு மைக்கில் இரைந்தது. "டெல்பின். திருச்சியில ஜெசிந்தாவுக்குப் பந்து போட்டது இந்தப் பிள்ளைதான்."

நீல ஜெர்சிக்காரிகள் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கினார், கூட நாலைந்து பேர் சேர்ந்தார்கள். இன்னாசி சார் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார், அணியை அடக்குகிறவரின் கை. "சரி மக்களே, உக்காரு. சொல்லியாச்சுல்லா."

அந்தக் குரல் சொன்னால் நிற்பதும் ஓடுவதும் அவள் கால்களுக்குப் பழக்கம். உட்கார்ந்துவிடாமல் இருக்க முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சார். எங்களை ஏன் நிறுத்துனீங்கன்னு இன்னும் சொல்லல்ல" என்றாள். "ஜெசிந்தா அன்னைக்குக் கேட்டா. அவ இல்ல, நான் இருக்கேன். இந்தப் பிள்ளைகளும் நிக்கிது. சொல்லுங்க."

அவர் மைக்கைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். குணசீலன் அதை வாங்கவில்லை.